சுவரின் மீதிப் பாதி

பொழுது பலபலவென்று விடியும்போதே கால்வாய்க்குள் இறங்கிவிட்டோம். முழங்கால் வரை கருஞ்சேறு. காலை உருவினால் செருப்பு உள்ளேயே தங்கிவிடும் என்று எல்லோரும் வெறுங்கால். சேற்றை வாரி வெளியே கொட்டி, அடியைக் கெட்டிப்படுத்தினால்தான் சுவரின் மீதிப் பாதியை எழுப்ப முடியும்.

முதல் பாதியைப் போன வருஷம் எழுப்பியதும் நாங்கள்தான். சொல்லவே நா கூசுகிறது. ஊரின் மழைத்தண்ணீரையெல்லாம் ஏரிக்குக் கொண்டுபோகிற கால்வாய் இது. வழியில் முதலாளி மனை போட்டிருக்கிறார். தண்ணீர் வந்தால் மனை விலைபோகாது, அதனால் குறுக்கே சுவர். வேலை கிடைத்தால் போதும் என்று நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு கட்டினோம். நூல் பிசகாமல், ஒரு சொட்டுக் கசியாமல் கட்டினோம். மழை வந்தது. போக வழி போதாத தண்ணீர் எங்கள் தெருவுக்கே திரும்பி வந்தது. கலவை சுமக்கும் அக்காவின் புருஷன் நடக்கமாட்டாதவர். வேலையிலிருந்து ஓடிப்போய் அவள் கதவைத் திறப்பதற்குள் கட்டில் முழுகியிருந்தது.

அதற்குப் பிறகும் அவள் வேலைக்கு வந்தாள். வேறு என்ன செய்வாள்?

மெஷினில் கலவை சுற்றியது. மேஸ்திரி முதல் சட்டியை நிரப்பித் தூக்கிவிட்டார். அக்கா சுவரின் இடைவெளி வரைக்கும் நடந்தாள். கலவையை ஓரமாகக் கொட்டினாள். சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அந்த இடைவெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் மேஸ்திரி.

"உடம்புக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கு. இந்த வழிய மட்டும் என் கையால அடைக்க மாட்டேண்ணே."

முதலாளி கரையில் நின்று கத்தினார். "என்ன நாடகம் இது? கலவை இறுகிடும், எந்திரி!"

"இறுகட்டும் மொதலாளி. போன வருஷம் கட்டுனது நல்லாத்தான் இறுகிச்சு. என் வீட்டுக்காரர்தான் போய்ச் சேர்ந்தாரு."

"மழை பெஞ்சா நான் என்ன பண்றது?"

"மழை பெய்யட்டும், அது பாட்டுக்குப் போகட்டும். நீங்க குறுக்க நிக்காதீங்க."

"ஒரு போன் போட்டா பத்து ஆளு வருவான்! மேஸ்திரி, இவள இழுத்து வெளியில போடுய்யா!"

மேஸ்திரிக்கு நாங்கள் வைத்த பேரே 'சரிங்கய்யா'. இருபது வருஷமாக முதலாளியிடம் அவர் வேறு வார்த்தை பேசியதில்லை. இப்போது அதையும் பேசவில்லை. பூச்சுக் கரணையைச் சேற்றில் குத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அடுத்துக் கம்பி கட்டுகிறவர், மண் வெட்டுகிற அண்ணன் தம்பி இருவர். நான்தான் கடைசி. பயமில்லை என்றால் பொய்.

முதலாளி போன் போட்டு வரவழைத்த வேன் வந்தது. பத்துப் பேர் இறங்கினார்கள். மண்வெட்டியோடு முன்னால் வந்தவர் எங்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"இத அடைச்சா தண்ணி எங்க போகும்?"

"எங்க தெருவுக்கு," என்றாள் அக்கா. "அது நெறஞ்சா உங்க தெருவுக்கு."

அவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்று எங்களோடு உட்கார்ந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மெஷினுக்குள் கலவை கல்லாகிக்கொண்டிருந்தது. முதலாளி போனில் போலீஸை அழைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு எங்களில் யாருக்கும் வேலை இல்லை. தூறல் விழுந்தது, யாரும் எழவில்லை. சற்று நேரத்தில் மேலேயிருந்து கலங்கல் தண்ணீர் இறங்கி வந்து எங்கள் பாதங்களைத் தொட்டது.

அக்கா காலை ஒதுக்கி அதற்கு வழி விட்டாள்.