தமிழ் தெரியாதவளாக இருக்க ஒருத்தி தேவை

1

இந்தக் கதை பரிதாபத்திலிருந்து பிறந்தது என்று ஆரம்பித்தால் நீங்கள் என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள். எரிச்சலிலிருந்து பிறந்தது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் மகள் அம்மு யாரோடோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என் முழங்கையைத் தொட்டு, "என்ன ஸ்டைலாப் பேசறா! வீட்டிலேயே நீங்க சொல்லிக் கொடுத்ததா?" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

அந்த 'ஆமாம்' மேல்தான் எரிச்சல். பந்தியில் பாயசம் வந்தபோதும் எரிச்சல் இருந்தது. பாயசத்தை முழுவதும் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

'1967ஆம் வருடம், திருவொற்றியூரில், நீலா என்ற ஓர் இளம் தாய்—'

இளம் தாயாம். நீலா என்று பெயர் வைத்துவிட்டால் அவளை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், என் மேல் ஒட்டாது. அடித்துவிட்டேன். நீலா நான்தான்.

'கடற்காற்று ஜன்னல் வழியே மெல்ல—'

பொய். அந்த வருடம் எங்கள் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வந்தது தொழிற்சாலைப் புகை. இதையும் அடித்தாயிற்று.

2

என் கணவர் லட்சுமணன் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் அதிகாரி. மகன் சேகருக்கு ஏழு வயது, அம்முவுக்கு ஐந்து. அடுத்த ஜூனில் இருவரையும் ஒரு கான்வென்டில் சேர்க்க வேண்டும். அங்கே குழந்தைகளை இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள்.

தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர்தான் லட்சுமணனிடம் ஒரு வழக்கத்தைச் சொன்னாராம். அவர்கள் பக்கத்தில் வேறு தேசத்துப் பெண் ஒருத்தி வீட்டோடு வந்து தங்குவாள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள், அவளோடு பேசிப் பேசியே குழந்தைகள் அவள் பாஷையைக் கற்றுக்கொள்ளும். 'ஓ பேர்' என்று அதற்குப் பெயர்.

"வேலைக்காரி இல்லை. வீட்டுல ஒருத்தி மாதிரி" என்றார் லட்சுமணன். "ரூம், சாப்பாடு, கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம். அவ்வளவுதான்!"

(அந்த வழக்கத்தில் எங்களுக்கு நன்றாகப் புரிந்தது 'அவ்வளவுதான்' மட்டும்.)

3

நவம்பரில், ராயபுரத்தில் ஒரு மாதா கோவில் பலகையில் அறிவிப்பு ஒட்டச் சொன்னோம். மூன்று பேர் வந்தார்கள். தேர்வை விவரமாகச் சொல்ல வேண்டும்; நாங்கள் இருவரும் பிரகாசித்த இடம் அது.

லட்சுமணன் இங்கிலீஷ் பேப்பரைக் கொடுத்துத் தலையங்கத்தைப் படிக்கச் சொன்னார். படித்தார்கள். சரியாகப் படித்தார்களா என்று அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் எழுத வரும். வாயைத் திறந்தால் தந்தி மாதிரி வரும். அந்த உச்சரிப்பு சரியா தப்பா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால் டீ கொடுத்தோம்.

முதலில் வந்தவள் சாஸரில் ஊற்றி உறிஞ்சினாள். அனுப்பிவிட்டோம். இரண்டாவதாக வந்த ஓய்வுபெற்ற டீச்சர், "டீ இருக்கட்டும், குழந்தைகளைக் கூப்பிடுங்க, பேசிப் பார்க்கிறேன்" என்றாள். அதிகப்பிரசங்கி. அவளும் போனாள். மூன்றாவதாக வந்த ஃப்ளோரன்ஸ் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். இவளுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் என்று முடிவு செய்தோம்.

(பயத்தில் அவள் டீயைக் குடிக்கவே இல்லை. கோப்பை கழுவிய கோவிந்தம்மா சொல்லித்தான் தெரியும். கோவிந்தம்மா எங்கள் வீட்டில் வேலை செய்தவள்.)

ஃப்ளோரன்ஸுக்குப் பத்தொன்பது வயது. அம்மா இல்லை. அப்பா வால்டர், ரயில் என்ஜினில் கரி அள்ளிப் போட்டவர், அந்த வருடம் இறந்துவிட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்தாயிற்று. அங்கே ஆங்கிலோ-இந்தியக் குழந்தைகளோடு விளையாடியே அவளுக்கு இங்கிலீஷ் வந்திருந்தது. அழைத்து வந்தவள் அவள் அத்தை சிலுவையம்மாள்.

"திருப்பி மட்டும் அனுப்பிடாதம்மா" என்றாள் அத்தை. "எங்க வூடு ஒரே ரூம்பு, ஏழு பேரு. இது ரெண்டு மாசமா வாசப்படில குந்திக்கினே தூங்குது. எம் மருமவன் அதுக்கும் மொறைக்கிறான். வயசுப் பொண்ணு. இதுக்குப் படுக்க ஒரு எடம் குடு, போதும்."

4

லட்சுமணன் நிபந்தனை போட்டார்.

"உனக்குத் தமிழ் தெரியும்னு குழந்தைங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாதுங்க. நீ கோவாவிலேருந்து வந்திருக்கே. தமிழ் சுத்தமா தெரியாது. என்ன?"

"பசங்க தூங்குனப்புறம் பேசலாமா சார்?"

"கூடாது. பழக்கம் விட்டுடும்."

நான் அறையைக் காட்டினேன். சமையலறையை ஒட்டிய சாமான் அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், உள்ளே தாழ்ப்பாள். அவள் தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். "எஸ் மேடம்" என்றாள். அதோடு சரி. நான்கு மாதம் அந்த வாயிலிருந்து தமிழ் வரவில்லை.

[இங்கே அவள் மனதில் ஓடியதை ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி. கிழித்துவிட்டேன். நான்கு மாதமும் நான் அவளை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது அவளுக்குள் புகுந்து பத்தி எழுத எனக்கு என்ன உரிமை?]

5

பொங்கலுக்குள் குழந்தைகள் இங்கிலீஷில் சண்டை போட்டன. லட்சுமணன் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. குழந்தைகளிடம் சொன்ன பொய்யை நாங்களும் நம்பிவிட்டோம்.

எப்படி என்று கேட்காதீர்கள். மூன்று வாரம் போதும். எதிரில் ஒருத்தி வாய் திறக்காமல் நின்றால் அவளுக்குக் காதும் இல்லை என்றாகிவிடுகிறது. சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டில் எத்தனை தடவை சோறு விழுந்தது என்று அவர் சொல்வார். "இந்தக் கறுப்புக்கு ஃப்ளோரன்ஸுன்னு பேரு" என்று சிரித்தது நான். அவள் அப்போது என் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

கோவிந்தம்மாதான் ஒருநாள் கேட்டாள்.

"இன்னாம்மா, அந்தப் பொண்ணை எதிர்ல வெச்சிக்கினே இப்டிப் பேசறே?"

"அவளுக்குத் தமிழ் தெரியாதே."

"யாருக்கு? ராயபுரத்துல பொறந்ததுக்கா?" தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்தாள். "நீங்கதானேம்மா தெரியாதுன்னு இருக்கச் சொன்னீங்கோ! சொன்னவங்களே மறந்துட்டா எப்டி? நாளைக்கு என்னிய ஊமைன்னுவீங்கோ. அப்பால நான் வாயத் தொறந்தா பேயின்னு ஓடுவீங்கோ. நல்ல பேஜாராக் கீதே!"

எனக்குச் சுருக்கென்றது. 'வெட்கத்தால்' என்று எழுதிப் பார்த்தேன். வெட்கம் இல்லை. அவள் இதுவரை என்னவெல்லாம் கேட்டிருப்பாள் என்ற பயம்.

அதன் பிறகு அப்படிப் பேசுவதை நிறுத்தினேனா? குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

6

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகாரிகளின் குடும்பங்கள் எல்லாம் கம்பெனி வேனில் எண்ணூருக்குப் போனோம். முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்தில், உப்பங்கழி கடலில் சேருகிற இடம். ஜெர்மன்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அதனால் நாங்கள் அத்தனை பேரும் காய்ச்சல்காரர்கள் மாதிரி மெதுவாக, விட்டுவிட்டு, இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தோம்.

சேகரின் பந்து தண்ணீரில் விழுந்தது. அவன் பின்னாலேயே இறங்கினான். முழங்கால். தொடை. தண்ணீர் கடலை நோக்கி வடிந்துகொண்டிருந்தது. பந்து போன வேகத்திலேயே அது தெரிந்தது.

"ஸ்டாப், சேகர்! கம் பேக்!" என்று கத்தினாள் ஃப்ளோரன்ஸ்.

அவன் திரும்பிச் சிரித்துக் கையாட்டினான். இங்கிலீஷ் அவனுக்கு விளையாட்டு, கை கழுவுவது, குட் மார்னிங் சொல்வது. அந்தப் பாஷையில் யாரும் பயந்து அவன் கேட்டதில்லை.

நான் அவனுக்கு அவளைவிடக் கிட்டத்தில் நின்றேன். என் பக்கத்தில் ஜெர்மன்காரரின் மனைவி. நான் வாயைத் திறந்தேன். "டோன்ட்" என்றேன். அதற்கு அடுத்த வார்த்தை—

(இந்த இடத்தை நம்பும்படி எழுத எனக்கு வரவில்லை. பிள்ளை தண்ணீரில் போகும்போது பெற்றவள் வாக்கியம் தேடுவாளா என்பீர்கள். ஒரு பிரதியில் எனக்கு மயக்கம் வரவழைத்தேன். மயக்கமெல்லாம் வரவில்லை. பக்கத்தில் வெள்ளைக்காரி நிற்கிறாள், தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஃப்ளோரன்ஸ் என் வாயைப் பார்த்தாள்.)

"டேய் சேகரு! நில்றா அங்கியே! தண்ணி இஸ்த்துக்கினு பூடும்டா!"

கரையே திரும்பிப் பார்த்தது. சேகர் நின்றுவிட்டான். முகம் கோணி அழ ஆரம்பித்தான். ஃப்ளோரன்ஸ் உடுத்த உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் போய், சட்டைக் காலரைப் பிடித்து அவனை இழுத்து வந்தாள். பந்து அதற்குள் வெகுதூரம் போயிருந்தது.

வேனில் அம்மு கேட்டாள்: "அக்கா, உனக்குத் தமிழ் வந்துடுச்சா?"

"வந்துச்சிடி கண்ணு."

திருவொற்றியூர் வரும்வரை இரண்டு குழந்தைகளும் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து தமிழில் பேசித் தீர்த்தன.

7

"இனிமே இவளால என்ன பிரயோஜனம்?" என்றார் லட்சுமணன் அன்று சாயங்காலம். "இவகிட்ட இதுங்க இனி இங்கிலீஷ் பேசுமா? ஜூன்ல இன்டர்வியூ." அவள் எதிரிலேயே, தமிழிலேயே சொன்னார்.

"அவ மட்டும் இல்லேன்னா சேகர்" என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடித்திருந்தால் அவள் எங்கள் வீட்டிலேயே இருந்திருப்பாள். லட்சுமணன் கெட்டவர் இல்லை, நன்றி சொல்ல யாராவது ஞாபகப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். அவருக்குக் காரணம் இன்டர்வியூ. எனக்கு அது இல்லை. கரையில் நான் எதைத் தேடிக்கொண்டு நின்றேன் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளே தினமும் எனக்குத் தண்ணீர் ஊற்றினால் அதை எப்படிக் குடிப்பது?

காலையில் அவள் பெட்டியைக் கட்டினாள். அறை வாசலில் நின்று கேட்டாள்:

"இந்த ரூம்பை இனிமே இன்னா பண்ணப் போறீங்கம்மா?"

அவள் என்னிடம் தமிழில் கேட்ட ஒரே கேள்வி. நான் பதில் சொன்னேன். இங்கிலீஷில்.

ஜூனில் இரண்டு குழந்தைகளுக்கும் கான்வென்டில் இடம் கிடைத்தது.

மாற்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் நான் கணவரோடு சண்டை போட்டு அவளை நிறுத்திக்கொள்கிறேன். படிக்கும்போது எனக்கே கண்ணீர் வந்தது, குமட்டவும் செய்தது. இன்னொன்றில் அவள் பெரிய பள்ளியில் டீச்சராகி, பல வருடம் கழித்து என்னைப் பார்த்து அடையாளம் தெரியாததுபோல் போகிறாள். அப்படியானால் நாங்கள் அனுப்பியதே அவளுக்கு நல்லதாகிவிடும். எவ்வளவு வசதி!

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவளை ராயபுரத்துக்கு ரிக்‌ஷாவில் நானே கூட்டிப் போனேன். சிலுவையம்மாள் என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. ஃப்ளோரன்ஸின் தகரப் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆள உடு" என்றாள். "இந்தப் பொட்டிய எங்கம்மா வெக்கிறது?"

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். ஃப்ளோரன்ஸ் எங்கே படுத்தாள் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: அந்த வீட்டில் எப்படியோ இடம் பண்ணிக்கொண்டார்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். கதவோரம் நின்று நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். இடமில்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் ரிக்‌ஷாவில் ஏறினேன்.