தாய்மாமன் ரத்தம்

1977 ஆவணியில் பூலாம்பாடியில் காது குத்தப்பட்ட மூன்று வயதுக் கண்ணகியின் இடது காதிலிருந்து பத்தொன்பது நாள் வழிந்த ரத்தம் அவளுடையது அல்ல. அவளுடைய தாய்மாமன் ராசாங்கத்துடையது. ஊரில் இதை யாரும் மறுத்ததில்லை.

ராசாங்கத்தை அழைக்கக் கண்ணகியின் தாய் அம்சவள்ளிக்கு விருப்பமில்லை. ஐந்து வருடம் முன்பு அவள் தன் இஷ்டத்துக்குக் கருப்பண்ணனைக் கட்டிக்கொண்டபோது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து அவள் தோட்டைப் பிடித்து இழுத்தவன் அவன். மடல் இரண்டாகக் கிழிந்து அப்படியே ஆறிப்போயிருந்தது. ஆனாலும் மாமன் மடி இல்லாமல் காது குத்துவதா என்று கருப்பண்ணன் வீட்டார் கேட்டார்கள். ராசாங்கமும் மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்து உட்கார்ந்தான்.

கொளஞ்சியப்பன் ஆசாரி நிதானமான ஆள். கம்பியைக் கொதிநீரில் போட்டெடுத்தார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், இரண்டு மடலிலும் புள்ளி வைத்து அளவு பார்த்தார். வலது காது ஒரு சிணுங்கலோடு முடிந்தது. இடது காதுக்குக் குழந்தை தலையை ஆட்டிக் கதறியது.

"அழுவட்டுங்க. புள்ள அடங்குனதும் குத்திக்கலாம், அவசரமில்ல" என்று ஆசாரி கம்பியைக் கீழே வைக்கப்போனார். ராசாங்கம் குழந்தையை ஓங்கி அறைந்து, மொட்டைத் தலையை மார்போடு அமுக்கி, ஆசாரியின் கையைப் பிடித்துத் தானே கம்பியை இறக்கினான்.

ரத்தம் கொட்டியது. ஆசாரி பதறாமல் சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் அழுத்தினார். நிற்கவில்லை. அம்சவள்ளி விரல் வைத்ததும் நின்றது; எடுத்தால் மறுபடி வழிந்தது. அரியலூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். கண்ணகி அதிரசம் தின்றாள், கோழி விரட்டினாள். வெளுத்தது ராசாங்கம்தான். நாலாம் நாள் அவனால் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. பத்தாம் நாள் நகமெல்லாம் சுண்ணாம்பு நிறமானது.

அவன் மனைவி ஆண்டாயி ஓடி வந்தாள். "அவரு உசுரு ஒன் வெரல்லதான் இருக்கு, வாம்மா."

அம்சவள்ளி போனாள். அண்ணன் கட்டிலருகே மகளை மடியில் வைத்து, விரல் மரத்துப்போக ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்க எடுத்தபோதெல்லாம் ரத்தம் கசிந்தது. பத்தொன்பதாம் நாள் ராசாங்கம் எழுந்து கஞ்சி குடித்தான்.

"அண்ணே, பஸ் ஸ்டாண்டுல என்னைய அப்படிப் பண்ணுனியே. தப்புன்னு ஒரு வார்த்த சொல்லு."

"தப்புதான்" என்றான். "ஒரு காதோட வுட்டது தப்பு."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. "புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு வரேன் அண்ணி" என்று கண்ணகியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், நிதானமாக, வாய் வாயாக ஊட்டினாள். மகளின் கழுத்து வழியே வழிந்த ரத்தம் அவள் முழங்கையில் சொட்டியது. கடைசி வாய்க்கு ரத்தம் தானாக நின்றது. உள்ளே ஆண்டாயி அலறினாள்.

ராசாங்கம் காய்ச்சலில் செத்ததாக எழுதிக்கொண்டார்கள். கண்ணகிக்கு ஆசாரி வெந்நீரில் காதைத் துடைத்துத் தோடு போட்டார். சீழ் வைக்காமல் ஆறியது. ஆண்டாயி எட்டு வருடம் அவர்களோடு பேசவில்லை. 1985-ல் மகள் வயிற்றுப் பேரனுக்குக் காது குத்தியபோது பத்திரிகை அனுப்பினாள். அம்சவள்ளி போனாள். ராசாங்கத்தின் மகன் தங்கராசு மாமனாக மடி கொடுத்தான். கம்பி இறங்கியதும் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. கூட்டம் மொத்தமும் தங்கராசின் முகத்தைப் பார்த்தது. அவன் நன்றாகத்தான் இருந்தான். பந்திக்கு இலை போட்டார்கள்.