மீட்டரில் வராத தண்ணீர்

பிப்ரவரி 3, திங்கள்கிழமை காலை, பிரார்த்தனைக் கூட்டம் முடிந்ததும், ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் மாடியில் பெண்களுக்கான நான்கு கழிப்பறைகளில் மூன்று பூட்டப்பட்டன. பூட்டுகள் புதியவை. ஒவ்வொன்றின் மேலும் பச்சைக் காகிதத்தில் வெட்டிய இலை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

பள்ளி 'பசுமைப் பள்ளி' விருதுக்கு விண்ணப்பித்திருந்தது. மதிப்பீட்டுக் குழு முதலில் பார்ப்பது தண்ணீர்ச் செலவைத்தான் என்று கேள்விப்பட்டு, மாடித் தொட்டிக்குப் போகும் குழாயில் மீட்டர் வைத்தார்கள். அதன் கணக்கு வாரம் ஒருமுறை நுழைவாயில் கரும்பலகையில் எழுதப்பட்டது. பசுமை மன்றத்துக்குப் பொறுப்பான கணக்கு ஆசிரியர், எந்தப் பேச்சையும் 'ஒவ்வொரு சொட்டும்' என்றுதான் தொடங்குவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சொட்டு சார். ஆண்கள் பக்கம் சிறுநீர்த் தொட்டிகளில் ஏற்கெனவே தண்ணீர் வருவதில்லை என்பதால் அங்கே சேமிக்க எதுவும் இல்லை என்று அவர் கண்டறிந்தார். பெண்கள் பக்கம் நிறைய இருந்தது.

மூன்று பூட்டுகளுக்கும் ஒரே சாவி. அது பசுமை மன்றத் தலைவியான ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் இருந்தது. அடையாள அட்டையின் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அவசரம் என்றால் அவளிடம் கேட்கலாம். எது அவசரம் என்பதை அவள் முடிவு செய்வாள்.

அவளுடைய அம்மா ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். மற்றவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிற சங்கதிகள் எல்லாம் அவருக்குக் கண்ணாடித் தகட்டில் வரும் அன்றாட வேலை. அந்த மாதம் சிறுநீர் மாதிரிகள் அதிகம் வந்தன. கொண்டுவந்தவர்களில் பலர் அதே நீலக் கட்டம் போட்ட சீருடையில் இருந்தார்கள்.

"என்னக்கா, இந்த ஸ்கூலுக்கு மட்டும் நாம ஏதாவது தள்ளுபடி கொடுத்திருக்கோமா?" என்றாள் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். "காலையில இருந்து கட்டம் கட்டமா வருது."

"வெயில் ஆரம்பிச்சிடுச்சில்ல, பிள்ளைங்க தண்ணி குடிக்காதுங்க," என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் அடுத்த தகட்டை எடுத்தார். அப்போது அவர் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மாதக் கடைசியில் மகளுக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தது. கழிப்பறைக்குப் போய்விட்டு வரும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வந்தாள். அம்மா மாதிரியை எடுத்துப்போய்த் தானே பார்த்தார். லென்சின் கீழே சீழ் அணுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. அந்த மாதம் முழுக்க அவர் பார்த்த அதே படம்.

வீட்டுக்கு வந்து மகளின் பள்ளிப் பையைத் திறந்தார். முந்தின நாள் காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் கழுத்துவரை அப்படியே இருந்தது.

"ஏண்டி குடிக்கல?"

"குடிச்சா போகணும்ல."

"போக வேண்டியதுதானே."

"ஒண்ணுதான் திறந்திருக்கு. லைன் படி வரைக்கும் நிக்கும். பெல் அடிச்சிடும்."

"சாவி உன் கழுத்துலதானே தொங்குது."

மகள் போர்வையை இழுத்துக்கொண்டாள். "லீடரே திறந்துட்டு உள்ள போனா மத்தவங்க என்ன சொல்லுவாங்க? நான் காலையில இருந்து ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டேன். எங்க டீம்ல எல்லாரும் அப்படித்தான். ரீடிங் எவ்வளவு குறைஞ்சிருக்கு தெரியுமா?"

அம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. சீருடைகள், மாதிரிகள், கரும்பலகையில் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்த எண். தண்ணீரைச் சேமித்தது பூட்டு மட்டும் இல்லை. பிள்ளைகள் தங்கள் தொண்டையையும் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கே வந்து பேசறேன்."

"வேணாம்மா. ஷீல்டு எங்களுக்குத்தான்னு சார் சொல்லியிருக்காரு. உனக்கு பூமியைப் பத்தி அக்கறையே இல்ல."

"பூமி வந்து உன் மூத்திரப்பையில சேமிச்சு வைக்கச் சொல்லுச்சா?"

நெடுந்தூரப் பேருந்து ஓட்டும் அப்பா வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். "என் வண்டியில ஒரு ஆளு அவசரம்னு எழுந்து வந்தா, கேள்வியே கேக்க மாட்டேன், ஓரங்கட்டிடுவேன்," என்றார். "லேட்டானா மெமோ வரும். வரட்டும். உங்க சொட்டு சாரை ஒரு தடவை என் பஸ்ஸுல ஏத்தி விடு. நடுவுல நிறுத்தவே மாட்டேன்."

மகள் சிரிக்கவில்லை.

காய்ச்சல் இறங்கி மகள் பள்ளிக்குப் போன முதல் நாள், திங்கள்கிழமை, அம்மாவும் கூடவே போனார். மகள் வகுப்புக்குப் போய் மணி அடித்த பிறகு அலுவலகத்துக்கு நடந்தார். நுழைவாயிலிலிருந்து அலுவலகம் வரை இரண்டு பக்கமும் புல்வெளி. விருதுக்கென்று புதிதாகப் போட்டது. தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நடைபாதை சிமெண்டில் தண்ணீர் ஓடி வடிகாலில் விழுந்தது. தலைமையாசிரியையின் அறை ஜன்னல் கண்ணாடியில்கூட ஒரு தெளிப்பான் சுற்றி வரும்போதெல்லாம் சாரல் அடித்தது.

"உங்க பொண்ணு எங்களுக்கு ஒரு வரம்மா," என்றார் தலைமையாசிரியை. சொட்டு சார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பூட்டைத் திறக்கணும் மேடம்."

"வியாழக்கிழமை குழு வருது. அது முடியட்டும், பார்க்கலாம்."

"அதுவரைக்கும் அடக்கிக்கச் சொல்றீங்களா?"

"ஒண்ணு திறந்துதானே இருக்கு?" என்றார் சொட்டு சார்.

"இடைவேளை பத்து நிமிஷம். மாடி முழுக்கப் பொண்ணுங்க. நீங்க கணக்கு வாத்தியார்தானே சார், வகுத்துப் பாருங்க."

தலைமையாசிரியை குரலை உயர்த்தவில்லை. "உங்க பொண்ணுக்கு உடம்பு சரியில்லாம போனதுக்கு இதுதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?"

"அவ மட்டும் இல்ல. ஒரு மாசமா நான் லேப்ல பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"யார் யாருன்னு பேர் சொல்லுங்க. பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசிடறேன்."

அம்மாவுக்குப் பெயர்கள் வாய்வரை வந்தன. ஆனால் லேபில் பார்த்ததை வெளியில் சொல்லக்கூடாது என்பதுதான் அந்த வேலையில் அவர் கற்ற முதல் பாடம்.

"பார்த்தீங்களா," என்றார் தலைமையாசிரியை. "பேர் இல்லாம பேசினா எப்படி? இன்னொண்ணு. சாவி உங்க பொண்ணுகிட்டதான் இருக்கு. திறக்கக்கூடாதுன்னு நாங்க யாரும் சொல்லலை. அவ திறக்கலைன்னா அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

"நல்லா இருக்கு மேடம். பதினாலு வயசுப் பொண்ணு கழுத்துல சாவியை மாட்டி, பழியையும் அதே கயித்துல கோத்துட்டீங்க."

தலைமையாசிரியை மணியை அழுத்தினார். மகளை வகுப்பிலிருந்து வரவழைத்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் இறுகிவிட்டது.

"நீயே சொல்லும்மா. யாராவது கேட்டு நீ திறக்காம இருந்திருக்கியா?"

இல்லை என்று சொல்வாள் என்றுதான் தலைமையாசிரியை கேட்டார். மகளும் வாயைத் திறந்தாள். ஜன்னலில் சாரல் அடித்தது. அவள் அதைப் பார்த்தாள். தெளிப்பான்களைத் திறப்பது மணி அடித்த பிறகுதான். அதன் பிறகு அலுவலகப் பக்கம் பிள்ளைகள் வரக் கூடாது என்பதால், அவை சுற்றுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"இந்தத் தண்ணி ரீடிங்ல வருமா சார்?"

"இது வேற லைன்மா. போர்வெல் தண்ணி. மீட்டருக்கு வராது."

"அப்ப நாங்க சேர்த்தது?"

"அது வேற, இது வேற. வர்றவங்க முதல்ல பார்க்கிறது புல்லைத்தானே."

மகள் தலைமையாசிரியையைப் பார்த்துச் சொன்னாள்.

"இருந்திருக்கேன் மிஸ். ஏழாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி வந்தா. அவசரமான்னு கேட்டேன். பின்னாடி பசங்க நின்னாங்க, அவ பதில் சொல்லல. பதில் சொல்லாததால திறக்கல. அவ கிளாசுக்குப் போயிட்டா. அப்புறம் அவ பெஞ்சை ஆயாம்மா வந்து கழுவினாங்க. அந்தப் பொண்ணு ஒரு வாரம் வரல." அவள் கை கழுத்துச் சாவிக்குப் போனது. "நான் அன்னைக்கு நம்ம ரீடிங் குறைஞ்சிருக்குன்னு சந்தோஷமா இருந்தேன் மிஸ்."

மகள் கயிற்றைக் கழற்றிக்கொண்டு வெளியே போனாள். படியேறும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் பூட்டுகள் இருந்தன. மேசையில் வைத்தாள். ஒன்றிலிருந்து இலை பாதி கிழிந்து தொங்கியது.

"துணைத் தலைவிகிட்ட சாவியைக் கொடுத்துட்டுப் போ," என்றார் சொட்டு சார்.

அம்மா பூட்டுகளை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அது பள்ளிச் சொத்துங்க."

"சீட்டு எழுதித் தரட்டுமா சார்? வியாழக்கிழமை நானும் வர்றேன். குழுவுக்கு மாடியைச் சுத்திக் காட்ட ஆள் வேணும்ல. புதுசா பூட்டு ஏதாவது தொங்கினா, அதையும் சேர்த்துக் காட்டறேன்."

"மிரட்டுறீங்களா?" என்றார் தலைமையாசிரியை.

"ஆமா மேடம்."

புதுப் பூட்டு வாங்கப்படவில்லை. வியாழக்கிழமை டெக்னீஷியன் லேபில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, மதியம் வரை இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். குழு மாடிக்கு வரவில்லை. புல்வெளியில் படம் எடுத்துக்கொண்டு, சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் ரீடிங் பழைய அளவுக்கு ஏறியது. அது கரும்பலகையில் எழுதப்படவில்லை. பசுமை மன்றத் தலைவி மாற்றப்பட்டாள். விருது பள்ளிக்குக் கிடைத்தது. கேடயம் தலைமையாசிரியையின் அறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்கு கழிப்பறைகளும் திறந்திருக்கின்றன. மகளின் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் காலியாக வருகிறது. புல்வெளிக்குப் போகும் குழாயில் இன்னும் மீட்டர் வைக்கவில்லை.