இடுப்புக்குக் கீழே சடை

தூத்துக்குடியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப்போகும் பெண்கள், அதற்கு முன்னால் தங்கள் கருமுட்டைகளைத் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் விட்டுவிட்டுப் போவார்கள். மருந்து நல்லது கெட்டது பார்க்காது, முட்டைகளையும் சேர்த்துச் சுட்டுவிடும். ஆகவே சீலா மீன் அறைக்கு அடுத்த அறையை அவற்றுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். மருந்து முடிந்ததும் தாய் வந்து முகம் காட்ட வேண்டும். முட்டைகள் அடையாளம் சொன்னால்தான் அவை அவளுடையவை.

ஜெனோவாவுக்கு முப்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. மார்பில் கட்டி. ஒன்பது முட்டைகளை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்தாள். அறையைப் பார்த்துக்கொள்ளும் மெற்றில்டா நோட்டை நீட்டினாள். தாயின் அடையாளம் என்ற இடத்தில் மற்றவர்கள் மச்சம், தழும்பு என்று எழுதியிருந்தார்கள். ஜெனோவாவுக்குத் தன் முடியைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு, சும்மா இருப்பாளா? ‘இடுப்புக்குக் கீழே சடை’ என்று எழுதிவிட்டாள். ஒன்பதும் சடையை நன்றாகப் பார்த்துக்கொண்டு உறங்கப் போயின.

இரண்டாம் முறை மருந்து ஏற்றியதும் சடை கையோடு வந்துவிட்டது. முடி போனதற்காக அவள் அழவில்லை. பிள்ளைகள் தன்னை யாரோ என்று நினைத்துவிடுமே என்றுதான் அழுதாள். அழுதுகொண்டே மெற்றில்டாவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, நோட்டுல மாத்தி எழுத முடியாதா?”

“அடிச்சுத் திருத்தக் கூடாது பிள்ள. அவியளே பாத்து ஒத்துக்கிடணும்.”

ஆறு மாதம் கழித்து, மருந்தெல்லாம் முடிந்து, ஜெனோவா முக்காடு போட்டுக்கொண்டு போய் நின்றாள்.

“முக்காட்ட எடு,” என்றாள் மெற்றில்டா.

எடுத்தாள். மெற்றில்டா டப்பாவைத் திறந்தாள்.

ஒன்பதும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தன.

“நீ போன்ல அழுதது இவியளுக்கும் கேட்டிருக்கு. அதுலேருந்து மாசாமாசம் வேளாங்கண்ணி பஸ் ஏறிப் போயிட்டு வாராவ. அம்மைக்கு முளைச்ச பொறவுதான் எங்களுக்கும்னு சொல்லிட்டாவ.”

ஒன்பதும் ஜெனோவாவை ஏறிட்டுப் பார்த்தன. மெற்றில்டா நோட்டில் ‘சரி’ என்று குறித்துக்கொண்டாள்.

ஓரத்தில் இருந்த கடைசி முட்டை தன் தலையிலிருந்து கொஞ்சம் சந்தனத்தை வழித்துக் கையை நீட்டியது. எட்டவில்லை. ஜெனோவா தலையைக் குனிந்து கொடுத்தாள்.