கழன்று வந்த குரல்

சிம் அட்டையைக் கைபேசியிலிருந்து உருவியபோது சோதனைக்காரியின் குரலும் கூடவே கழன்று வந்துவிட்டது. அதுவரை அந்தத் தொழிற்சாலையின் கைபேசிகளில் எண் உள்ளேயே பதிந்திருந்தது. கைபேசி பழுதானால் எண்ணும் போச்சு. அதனால் கழற்றி மாட்டும் அட்டைக்கு இடம் வைத்துப் புது மாதிரி செய்தார்கள். அட்டையைச் செருகி, பேசிப் பார்த்து, அணைத்து, உருவி, மறுபடி செருகுவது அவள் வேலை. அன்று அதிலேயே கணவனை அழைத்திருந்தாள். பஸ் ஓட்டுநரான அவன் எதற்கும் “ம்” என்பதற்கு மேல் வாய் திறக்காதவன். அது பொறுக்காமல்தான் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். “இங்க பாருங்க, இனிமே நான் அந்த வீட்டுக்கு...” என்று ஆரம்பித்தபோது, பழக்கதோஷத்தில் கை கைபேசியை அணைக்காமலேயே அட்டையை உருவிக் கூடையில் போட்டுவிட்டது. கூடை நிறைய அட்டைகள், எல்லாம் ஒரே அச்சு.

வடிவமைத்த பொறியாளர் குறை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. “கழட்டினா கழலணும்னுதானே கேட்டீங்க?” என்றார். பேச்சு பாதியில் அறுந்ததும் தொழிற்சாலைக்கே ஓடிவந்த கணவன், வாக்கியத்தின் மீதியை எழுதியாவது காட்டச் சொன்னான். அதுவும் குரலோடு போய்விட்டது என்று அவள் கையை விரித்தாள். வருவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கூடையை அவனே வீட்டுக்குச் சுமந்துபோனான். ஆகவே தேடுவதற்கென்று மட்டும் அவள் மாலைகளில் அங்கே வந்தாள். ஒரு அட்டையைப் போட்டால் யாரோ விட்ட கொட்டாவி கேட்டது. இன்னொன்றில் மழை பெய்து தரை நனைந்தது, துடைத்தார்கள். அவளால் பேச முடியாததால் இருவருக்குமாக அவன் பேச வேண்டியதாயிற்று. தினமும் தூங்கிப்போய்த் தன் நிறுத்தத்தைக் கோட்டைவிடும் கிழவரைப் பற்றிச் சொன்னான். தான் பேசினால் அவளுக்குச் சலித்துவிடுமோ என்று பயந்ததையும் சொன்னான். ஜன்னலுக்கு வெளியே மரம் இலையுதிர்த்துத் துளிர்த்தது. அவளுடைய துணிப்பெட்டி எப்போது அக்கா வீட்டிலிருந்து வந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை.

அவள் அடுப்பில் பால் வைத்திருந்த ஒரு மாலையில் அவன் அடுத்த அட்டையைச் செருகினான்.

“...வரவே மாட்டேன்!” என்று கத்தியது கைபேசி.

அவன் முகம் வெளிறிப்போயிற்று. அவள் கரண்டியோடு திரும்பி, கைபேசியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். தோள்கள் குலுங்கின, சிரிப்பு கைபேசியிலிருந்து வந்தது.

“வராட்டி போ,” என்றான் அவன். “முதல்ல அடுப்ப அணை, பால் பொங்குது.”

“ம்,” என்றது கைபேசி.

அன்றிலிருந்து அவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பேசுகிறாள். கோபம் வந்தால் அட்டையை உருவிவிடுவாள், முதலில் அணைத்துவிட்டு.