பழைய பெட்டியில் மூன்று கடிதங்கள்

சிவகுருநாதன் லாரியிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அப்துல் ரஹீம் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். பிறை என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. சிவகுருநாதனின் அம்மா இறந்த துக்கத்துக்கு வந்தவன் வீட்டுக்குள் போகாமல் ஓர் உறையை நீட்டினான்.

"அண்ணே, இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பழைய ஈமெயில நிறுத்தணும்ல. கடைசியா ஒரு தடவ பாத்தேன். உங்க பெட்டியில மூணு மெயில் திறக்காமயே கெடக்கு. உங்க அண்ணன் பேரு போட்டிருந்துச்சு, பிரிண்ட் எடுத்துட்டு வந்துட்டேன்."

மூன்றும் மெல்பர்னிலிருந்து அண்ணன் விஸ்வலிங்கம் எழுதியவை. கடைசிக் கடிதத்துக்கு ஆறு நாள் வயது. 'வீட்டுக்குப் போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள். நான் புறப்பட்டு வரட்டுமா? இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.'

தொழிற்சாலையில் இருநூறு பேரைப் புதிய மின்னஞ்சலுக்கு மாற்றும் வேலை மூன்று வாரமாகச் சிவகுருநாதன் தலையில்தான் விழுந்திருந்தது. வெளியிலிருந்து வருவது பழையதற்கும் வரலாம், தினமும் இரண்டையும் திறந்து பாருங்கள் என்று மேசை மேசையாக அறிவிப்பு ஒட்டியவனும் அவனே. சோதித்துப் பார்க்க முதல் ஆளாகத் தானே புதியதற்கு மாறினான். அதோடு பழையதை மறந்துபோனான். பகலெல்லாம் வேலை, சாயங்காலமானால் ஆஸ்பத்திரி. அம்மா படுத்த அன்றே பழையதிலிருந்து அண்ணனுக்கு எழுதியாயிற்று, பதில் இல்லை, இனி நானாகப் போன் போட்டுக் கெஞ்சுவதா என்ற வீம்பு வேறு.

"அண்ணன் ஏதாச்சும் எழுதினானாப்பா?" என்று அம்மா கேட்டபோதெல்லாம், "இல்லம்மா, அவருக்கு நேரம் இருக்காது லா" என்று சொல்லியிருந்தான். நேற்றுக் காலை அம்மா போன பிறகு அண்ணனுக்குப் போன் செய்ததுகூட அவன் மனைவி கமலாம்பிகைதான்.

வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குள் தாய்மாமா நாகநாதனின் குரல் ஓயவில்லை. "மூணு வாரம் படுக்கையில கெடந்தா எங்கக்கா. மூத்தவன் ஒரு வார்த்த கேக்கல. கொள்ளி வைக்க மட்டும் வர்றானாம்."

சிவகுருநாதன் உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஐந்து மணிக்கு மேல் பழைய பெட்டியே இருக்காது. கடிதமே வந்து சேரவில்லை என்று சொன்னால் அண்ணனும் நம்பிவிடுவார். ரஹீம் வாயைத் திறக்கப் போவதில்லை. சிவகுருநாதனுக்குக் கால் வலித்தது, கண் எரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

மூன்று மணிக்கு விமான நிலையத்திலிருந்து டாக்சி வந்தது. விஸ்வலிங்கம் ஒரே ஒரு பையோடு இறங்கினார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் நேராகத் தம்பியிடம் வந்தார்.

"குரு, நான் எழுதினத அம்மாவுக்கு வாசிச்சியாடா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவகுருநாதனின் கை சட்டைப் பையிலிருந்த உறைக்குப் போனது.

"இல்லண்ணே. மூணும் பழைய பெட்டியில இருந்துச்சு, நான் திறந்தே பாக்கல. நீங்க எழுதவே இல்லன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்." பிறகு மாமாவின் பக்கம் திரும்பினான். "மாமா, அண்ணன் கேட்டாரு. புறப்பட்டு வரட்டுமான்னு கேட்டாரு."

மாமா தரையைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து குருக்கள் கூப்பிட்டார். விஸ்வலிங்கம் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். குனிந்து, அம்மாவுக்கு மூன்று முறை வாய்க்கரிசி போட்டார். அடுத்து இளையவன். அண்ணன், தம்பியின் முகத்தைப் பார்க்காமல் அரிசித் தட்டை நீட்டினார். சிவகுருநாதன் அதைப் பிடித்த பிறகும் அவர் தன் கையை எடுக்கவில்லை.