இடது முன்சக்கரத்தில் ஒரு சத்தம்

அந்தச் சத்தம் வேகத்தடையில் மட்டும்தான் வரும். மெதுவாக ஏறி இறங்கும்போது இடது முன்சக்கரத்துப் பக்கமிருந்து ஒரே ஒரு 'டொக்'. கீழேயிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டிவிட்டு ஓடிப்போகிற மாதிரி.

நான் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிறவள். சத்தம் புகாத அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று குறித்துக்கொள்வது பதினெட்டு வருடப் பிழைப்பு. நாற்பத்தாறு வயதில், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்ற சொந்தக்காரர்களை நான் சட்டை செய்யவில்லை. எனக்குத்தான் தம்பி இருந்தானே. வண்டி வாங்கிய டீலரிடம் சர்வீஸ் மேனேஜர் அவன்தான்.

"கவலைய விடுக்கா. என் ஒர்க்ஷாப், என் ஆளுங்க," என்றான். வண்டியைக் கையில் கொடுப்பதற்கு முன்பு, துருப்பிடிக்கக் கூடாதென்று அடிப்பாகம் முழுக்கத் தன் கையாலேயே கறுப்புப் பூச்சு அடித்திருந்தான். தன் அன்பளிப்பாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சத்தத்துக்காக ஐந்து தடவை வண்டியை அவன் ஒர்க்ஷாப்பில் விட்டேன். முதலில் டயரில் காற்று அதிகம் என்றார்கள். அப்புறம் சஸ்பென்ஷனில் லிங்க் என்கிற ஒரு சின்னக் கம்பியை மாற்றினார்கள், அதற்கப்புறம் ஷாக் அப்சார்பர். நான்காவது தடவை என்ன செய்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, கழுவித் துடைத்துப் பளபளவென்று கொடுத்தார்கள். ஐந்தாவது தடவை, "ஸ்போர்ட்ஸ் காருன்னா சஸ்பென்ஷன் இப்படித்தான் மேடம், கொஞ்சம் முரடா இருக்கும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். வேகத்தடை வரும். 'டொக்' என்னும். பாவம், அவனுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, இருமுவான். இருமி முடித்து, "எனக்கு ஒண்ணும் கேக்கலியேக்கா" என்பான்.

ஒருநாள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "தப்பா எடுத்துக்காத. எத்தன வருஷமா இந்த ஹெட்போன், மெஷினோடயே கிடக்கற. உன் காதையே ஒரு தடவ செக் பண்ணிக்கயேன்."

சுருக்கென்றது. ஆனால் இல்லாத சத்தம் கேட்கிறது என்று வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களும் என்னைப் போலத்தான் சத்தியம் செய்வார்கள். என் கூட வேலை செய்கிறவளைக் கூப்பிட்டு, நானே அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன். எல்லாம் சரி என்றாள். நம்பாமல் இன்னும் இரண்டு தடவை சோதிக்கச் சொன்னேன். அப்போதும் அதேதான்; என் சந்தேகம் மட்டும் போகவில்லை. சின்னக் குழந்தைகள் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிடும். அவர்களுக்கு முதுகுப் பக்கம் நின்று கிலுகிலுப்பையை மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். எவ்வளவு மெல்ல என்பதை என் காதுதான் சொல்ல வேண்டும். அந்த வேலையை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஒரு குழந்தைக்குக் காது கேட்கிறது என்று நான் தப்பாக எழுதிவிட்டால்? அந்தப் பயத்தில் இரண்டு மாதம் சோறு இறங்கவில்லை.

கடைசியில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த இன்னொரு டீலரிடம் போனேன். அவர்களும் ஒன்றுமில்லை என்றால் அத்தோடு விட்டுவிடலாம் என்றுதான். அங்கே ஒரு பருத்த மெக்கானிக் இருக்கைக்குள் எப்படியோ தன்னைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வேகத்தடையிலேயே கையைத் தூக்கினார்.

"இருக்கு," என்றார்.

நான் வண்டியை ஓரம் கட்டி அழுதேன். அவர் பாவம், கையைத் துடைக்கிற துணியை நீட்டினார்.

"இவ்வளவு நாளும் லிஃப்ட்ல தூக்கிப் பாத்திருப்பாங்க. சக்கரம் தொங்கறப்போ பாரமே இருக்காதும்மா, எல்லாம் நல்லாத்தான் தெரியும்," என்றார். வண்டியைச் சக்கரத்தில் நிற்கவிட்டே, ஆள் இறங்கி வேலை பார்க்கிற பள்ளத்துக்கு மேல் ஏற்றினார். என்னை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். 'டொக்' என்றது. "வந்து பாருங்க," என்றார்.

முன்சக்கரங்கள் இரண்டையும் தாங்குகிற குறுக்குச் சட்டம். அது வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் கறுப்புப் பூச்சை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியிருந்தார். போல்ட் போகும் துளை நீளவாக்கில் இழுபட்டிருந்தது. "இது தானா தேயற இடமில்ல. பலமா அடி வாங்கியிருக்கு. நிமித்தி மறுபடி மாட்டியிருக்காங்க. இதோ குறி."

போல்ட்டை முறுக்கி முடித்ததும் மெக்கானிக்குகள் பெயிண்ட் பேனாவால் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு போடுவார்கள். போல்ட் நகர்ந்தால் கோடு பிசகிவிடும். எல்லோரும் ஒரு கோடுதான் போடுவார்கள். இங்கே வெள்ளைக் கோட்டின் குறுக்கே இரண்டு சின்னக் கீற்றுகள்.

என் வீட்டுக் கட்டிலுக்கு மேலே ஓடும் ஃபேனின் போல்ட்டில் அதே கோடும் கீற்றுகளும் உண்டு. ஆஸ்பத்திரியில் என் அறைக் கதவின் கீலிலும் உண்டு. மேனேஜர் ஆன பிறகும் தம்பி எதைப் பழுது பார்த்தாலும் இப்படித்தான். "கையெழுத்துப் போட்டாச்சாடா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"குறி பூச்சுக்கு அடியிலதான் இருக்கு பாருங்கம்மா. வண்டி உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே நடந்திருக்கு," என்றார் அவர்.

புதுச் சட்டம் போட்டார்கள். நான்கு நாளில் வண்டி வந்தது. நேராகத் தம்பியின் ஒர்க்ஷாப்புக்குப் போய், "வா, ஒரு ரவுண்டு போகலாம்," என்றேன்.

"மறுபடியுமாக்கா?" என்று சிரித்துக்கொண்டே ஏறினான்.

கேட்டைத் தாண்டியதும் வேகத்தடை. சக்கரம் ஏறியது, இறங்கியது. சரியாக அந்த நொடியில் இருமினான்.

"இருமாதடா. சத்தம் போயிடுச்சு," என்றேன்.

அவன் முகம் வெளுத்துப்போனது. "எங்க காட்டின?" என்றான். முதலில் அதைத்தான் கேட்டான்.

"உன் கையெழுத்தப் பாத்தேன்."

தலையைக் குனிந்துகொண்டு முனகினான். "லாரியிலேர்ந்து இறக்கறப்போ நான்தான் ஓட்டினேன். சாய்வுப் பலகைய விட்டு முன்சக்கரம் கீழ விழுந்துடுச்சு. தெரிஞ்சா வேல போயிருக்கும். வெளி ஆளுக்குக் குடுத்தா சும்மா விடமாட்டான். நீன்னா..."

"நான்னா?"

"நீ அக்கா. விட்டுக் குடுப்பேன்னு நெனச்சேன்."

"கேட்டிருந்தா வண்டியையே விட்டுக் குடுத்திருப்பேனே. என் காத ஏண்டா சந்தேகப்பட வச்ச?"

சாலையோரம் நிறுத்தி அவனை இறக்கிவிட்டேன். "வீட்ல சொல்லாதக்கா," என்றான் கதவைப் பிடித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஃபேனின் போல்ட்டில் அவன் கோடு பிசகாமல் இருந்தது. அந்தக் கோட்டை நம்பித்தான் இத்தனை வருடம் அதன் அடியில் தூங்கினேன். ஸ்பேனரை மாட்டி முறுக்கிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. அதற்கும் அழுகை வந்தது.